மாடு குடித்தால் லைசென்சு

வில்லியனூர் கடைத்தெருவில் கண்ணைக் கட்டி விட்டாலும் வழி தவற முடியாது. மூக்கே கையைப் பிடித்துக் கூட்டிப் போகும். காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை வந்தால் இன்ன இடம், கருவாட்டு வாசனை வந்தால் இன்ன இடம். அதையெல்லாம் தாண்டிப் பெட்ரோல் வாசனை மண்டையில் குட்டுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு லாரிக்காரன் வண்டியை நிறுத்தி, டேங்க் மூடியைத் திறந்துவிட்டுக் காத்துக்கொண்டு நின்றான் என்று சொல்வார்கள். பாவம், அது பெட்ரோல் பங்க் இல்லை. ஏகநாதனின் முத்துச்சிப்பி டிரைவாஷ்.

எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வாக்கில் நடந்தது இது. அப்போது அந்தப் பக்கத்தில் பட்டுப்புடவையையும் கம்பளிக் கோட்டையும் தண்ணீர் படாமல் வெளுக்கிற ஆள் ஏகநாதன் ஒருத்தன்தான். மூலக்குளம் தொடங்கி மடுகரை வரைக்கும் எந்தக் கல்யாணத்தில் சாம்பார் சிந்தினாலும் அது கடைசியில் அவன் மேஜைக்குத்தான் வந்து சேரும். கறையைப் பார்த்தே பந்தியில் இன்ன கூட்டு, இன்ன பாயசம் என்று சொல்லிவிடுவான். சாப்பிட்டவர்களுக்குக்கூட அவ்வளவு ஞாபகம் இருக்காது.

அவன் பிறந்ததோ மளிகைக் கடைக் குடும்பத்தில். அப்பா கல்லாவை விட்டு எழுந்து வரமாட்டார் என்பதால் பிறந்த குழந்தையைக் கடைக்கே தூக்கிப்போய்க் காட்டினார்கள். காட்டிய இடம் மிளகாய் மூட்டைக்குப் பக்கம். பிள்ளை அங்கே தும்ம ஆரம்பித்தது, வளர்ந்து மீசை முளைத்தும் நிறுத்தவில்லை. மிளகாய்க்கு ஒரு தும்மல், மிளகுக்கு ஒரு தும்மல், தனியாவுக்குத் தனித் தும்மல். ஒரு தடவை மஞ்சள்தூள் நிறுத்துக்கொண்டிருக்கும்போது தும்மி, எதிரே நின்ற அம்மாளுக்கு மாரியம்மன் கோவில் பூசாரி மாதிரி மஞ்சள் அபிஷேகம் செய்துவிட்டான். அந்த அம்மாள் வீட்டுக்குப் போனதும் அவள் புருஷன் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம்.

அண்ணன் சண்முகசுந்தரத்துக்கு அந்தக் கடையே உலகம். தம்பியை எப்படியாவது தராசுக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும் என்று எவ்வளவோ பாடுபட்டார். தம்பியோ ஒரு நாள் கடை வேலையாகப் பாண்டிக்குப் போனவன், அங்கே ஒரு டிரைவாஷ் கடை வாசலில் நின்றான். உள்ளேயிருந்து பெட்ரோல் நெடி குப்பென்று அடித்தது. பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். ஏகநாதனுக்குத் தும்மல் வரவில்லை. இன்னொரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தான். அப்போதும் வரவில்லை. சாமி கண்ணெதிரே வந்து நின்றால்கூட மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம் வராது. அங்கேயே வேலைக்குச் சேர்ந்தான், தொழிலைக் கற்றான், மடுகரை உமையாளைக் கல்யாணம் செய்துகொண்டான், வில்லியனூருக்குத் திரும்பி வந்து அண்ணன் கடைக்கு அடுத்த தெருவிலேயே சொந்தக் கடை போட்டான்.

முன்னால் கடை, பின்னால் வீடு, இரண்டும் வாடகைக்கு. வீட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரமும் காலி இடமும். சுவருக்கு அந்தப் பக்கம் தெருவுக்குப் பொதுவான கிணறு.

தொழில் இப்படி. துணியைப் பெட்ரோல் ஊற்றிய டிரம்மில் போட்டு அலசுவான். கறை இருக்கிற இடத்தைப் பிரஷ்ஷால் தேய்ப்பான். பிழிந்து, கொல்லையில் காற்றில் ஆறவிட்டால், இஸ்திரி போடுகிற செல்லப்பன் மற்றதைப் பார்த்துக்கொள்வான். கடைக்கும் இஸ்திரிக் கொட்டகைக்கும் நடுவில் நல்ல தூரம் விட்டிருந்தார்கள். நெருப்பு விஷயத்தில் ஏகநாதன் கறார். பீடியைக் காதில் செருகிக்கொண்டு வந்தால்கூட உள்ளே விடமாட்டான். அழுக்கான பெட்ரோலைத் தகர அண்டாவில் தெளியவிடுவான். மேலே தெளிந்தது மறுபடி டிரம்முக்கு. அடியில் தங்குகிற கசடு, காப்பி டிக்காஷன் மண்டி மாதிரி கருப்பாக இருக்கும். அதை எங்கே கொட்டுவது? வேப்பமரத்தடியில் ஒரு பள்ளம் வெட்டி வைத்திருந்தான். கொட்டினால் கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விடும். மண் குடித்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்தான். மண் குடித்ததை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளும் என்று அவன் யோசிக்கவில்லை.

வேப்பமரம் யோசித்தது. சித்திரையில் எல்லா மரமும் துளிர்விட்டபோது அது மட்டும் மொட்டையாக நின்றது. உமையாள் கேட்டதற்கு, திருப்பதிக்கு வேண்டிக்கொண்டிருக்கும் என்று சொல்லிவிட்டான்.

கடை போட்ட புதிதில் ஏகநாதன் துணியை நன்றாக ஆறவிட்டு, வாசனை துளிகூட இல்லாமல்தான் கொடுத்துக்கொண்டிருந்தான். அதைக் கெடுத்தவர் பலராமன். கரிக்கலாம்பாக்கத்துக்காரர். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய்வந்து பென்ஷன் வாங்குகிறவர். இப்படிப்பட்டவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். வருஷா வருஷம் ஜூலை பதினாலாம் தேதி கம்பளிக் கோட்டு மாட்டி, மெடல்களைக் குத்திக்கொண்டு பாண்டிக்கு அணிவகுப்புக்குப் போவார். கோட்டுக்குள் அவர் வேகிற வேக்காட்டில் இட்லி அவித்துவிடலாம்.

முதல் தடவை வெளுத்த கோட்டை வாங்கியதும் அவர் முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். முகம் சுண்டிப்போயிற்று.

“இன்னாடா ஏகநாதம், வாசனையே இல்ல. வெளுத்தியா, இல்ல தட்டி மடிச்சி வெச்சியா?”

“வெளுத்ததுதாங்க, சொல்தா ஐயா. காலரப் பாருங்க, பளபளன்னு இருக்குது.”

“காலர நான் பாத்தா போதுமா? பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரிய வேணாமா? பாண்டியில வெளுத்தா நான் பாலத்தாண்ட வரும்போதே, வூட்ல என் பொண்டாட்டிக்குத் தெரியும்.”

ஏகநாதன் கோட்டை உள்ளே எடுத்துப்போனான். ஒரு துணியைப் பெட்ரோலில் நனைத்துக் காலரின் உள்பக்கம் ஓர் இழுப்பு இழுத்துக் கொண்டுவந்து கொடுத்தான். பலராமன் முகர்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இதுதான் வெளுப்பு என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ஆரம்பித்தது அந்த வழக்கம். வெளுத்து, ஆறவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து எல்லாம் முடிந்த பிறகு, கொடுப்பதற்கு முன்னால் பெட்ரோல் துணியால் ஓர் இழுப்பு. அதற்குச் செல்லப்பன் சாட்சி என்று பெயர் வைத்தான். சாட்சி வைத்துவிட்டாயா என்று ஏகநாதன் கேட்பான், வைத்தாச்சு என்பான் செல்லப்பன். சாட்சி இல்லாத துணியை ஜனங்கள் வாங்க மறுத்தார்கள். கல்யாண வீட்டில் நெடி அதிகம் வருகிற பட்டுக்காரிக்கு முன்வரிசையில் நாற்காலி கிடைத்தது. மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் இரட்டைச் சாட்சி கேட்டு வாங்கிப் போனார்கள். வருஷங்கள் ஓடின. ஏகநாதனின் மூக்குக்குப் பெட்ரோல் என்பது காற்று மாதிரி ஆகிவிட்டது. சுத்தமாகத் தெரியவே இல்லை. உமையாளுக்கும் அப்படித்தான். அவள் மடுகரைக்கு அம்மா வீட்டுக்குப் போனால், அவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கட்டிப்பிடிப்பார்கள்.

அந்த வருஷம் திருக்காமீசுவரர் கோவில் தேர் வந்தது. ஊர்ப் பெட்டிகளில் இருந்த பட்டெல்லாம் வெளுப்புக்கு வந்தது. கடையில் நிற்க இடமில்லாமல் ஏகநாதன் மேஜைமேல் ஏறி நின்று ரசீது கொடுத்தான். டிரம் ஓயவில்லை. பள்ளமும் ஓயவில்லை. தேர் நிலைக்கு வந்த கையோடு ஒரு கோடை மழை பிடித்துக் கொட்டியது. பள்ளம் குடித்து வைத்திருந்ததையெல்லாம் அந்த மழை கீழே தள்ளிவிட்டது.

முதலில் கண்டுபிடித்தது சிங்காரி. சிங்காரி, எதிர்வீட்டு வேலம்மாளின் பசு. வேலம்மாள் பால்காரி. தெருவுக்கே பால் ஊற்றுகிறவள், தெருவுக்கே பதில் சொல்கிறவள். காலையில் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் இறைத்து ஊற்றினாள். சிங்காரி குனிந்தது, முகர்ந்தது, புஸ்ஸென்று மூக்கால் ஊதிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோபமாக இருக்கிறது போலிருக்கிறது என்று வேலம்மாள் கழுத்தைத் தடவினாள், புண்ணாக்கு கலந்தாள், கெஞ்சினாள். புருஷனைக்கூட அவள் அப்படிக் கெஞ்சியது கிடையாது. மாடு மசியவில்லை.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு வீட்டில் ரசம் மணந்தது, ஆனால் பெருங்காயம் மணக்கவில்லை. இன்னொரு வீட்டில் சாப்பிட்டு ஏப்பம் விட்டவரைப் பக்கத்தில் பீடி பற்றவைக்க வந்தவன் பார்த்துவிட்டு ஓடினான். கிணற்றை எட்டிப் பார்த்தால், தண்ணீர்மேல் எண்ணெய் மினுமினுத்து, வானவில் படுத்துக்கொண்டிருந்தது. வேலம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தாள். கத்தவில்லை. குடத்தை மேஜைமேல் வைத்தாள்.

“குடி, தம்பி.”

ஏகநாதன் சொம்பில் ஊற்றிக் குடித்தான். அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது. அப்படியே சொன்னான். அதுதான் அவன் செய்த பெரிய தப்பு. தெருவே சிரித்தது, வேலம்மாள் சிரிக்கவில்லை. பிறகு அவள் அவனைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய் வானவில்லைக் காட்டியபோதுதான் ஏகநாதனுக்கு முகம் வெளுத்தது. மூக்கு பொய் சொன்னாலும் கண் பொய் சொல்லாது. சுவருக்கு அந்தப் பக்கம் தன் பள்ளம், இந்தப் பக்கம் கிணறு. நடுவில் ஒரு மொட்டை வேப்பமரம், நான் அப்போதே சொன்னேனே என்பதுபோல நின்றது.

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குச் செய்தி போயிற்று. சானிட்டரி இன்ஸ்பெக்டர் தணிகைவேல் சைக்கிளில் வந்தார். ஒல்லியான மனுஷன், நல்ல மனுஷன், சட்டத்தைப் பேசும்போது மட்டும் தொண்டை கனத்துப்போகும். கடை லைசென்சைப் பார்த்தார். சாதாரண சலவைக் கடைக்கு என்று இருந்தது. பெட்ரோல் வைத்து வெளுப்பது ஆபத்தான தொழில், அதற்கு லைசென்சு வேறு, அதற்குக் கட்டுத்திட்டங்களும் வேறு என்று விளக்கினார். ஏகநாதனுக்கு அது தெரியாது. வெளுப்பென்றால் வெளுப்புதானே, தண்ணீரில் வெளுத்தால் என்ன, பெட்ரோலில் வெளுத்தால் என்ன என்று நினைத்திருந்தான்.

தணிகைவேல் கடையைப் பூட்டச் சொன்னார். திறக்க வேண்டுமானால் பள்ளத்து மண்ணை அடிவரைக்கும் தோண்டி அப்புறப்படுத்த வேண்டும். கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். தரைக்குச் சிமெண்டு போட வேண்டும். இனிமேல் கசடு ஒரு சொட்டுகூட மண்ணில் விழாமல் மூடி போட்ட டிரம்மில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கிணற்றுத் தண்ணீர் எடுக்கிற தெருக்காரர்கள் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று அவர் முன்னால் சொல்ல வேண்டும். இவ்வளவும் நடந்தால் புது லைசென்சு. நடக்காவிட்டால் வேறு தொழில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வேறு தொழில் எது என்று ஏகநாதன் தேடவே வேண்டியதில்லை. அன்று சாயங்காலமே அது வாசலில் வந்து நின்றது. சண்முகசுந்தரம் துக்கம் விசாரிக்க வந்திருந்தார். ஆனால் முகத்தில் துக்கம் உட்கார இடமில்லாமல் சந்தோஷம் கால்நீட்டிப் படுத்திருந்தது.

“கவலப்படாதடா. நான் இல்லியா? கல்லாப் பக்கத்துலயே உனக்கு எடம் ஒழிச்சி வெச்சிருக்கேன். மொளகா மூட்டைய கொஞ்சம் நவுத்தினா போதும்.”

மிளகாய் என்ற வார்த்தையைக் கேட்டதுமே ஏகநாதன் தும்மினான்.

அண்ணன் போன பிறகு உமையாள் புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் கவலை இருந்தது. கடை போனால் வாடகை வீடும் போகும், மூத்தார் வீட்டில் கூட்டுக் குடித்தனம். அங்கே ஓரகத்தி எண்ணெய்க் கிண்ணத்தைக்கூட அளந்து வைப்பவள். இங்கே அவளே ராணி, பெட்ரோல் வாசனை அடிக்கிற ராணி.

“இன்னாங்க, தும்மிக்கினே உக்காந்திருக்கப் போறீங்களா? மம்புட்டி எங்க இருக்குதுன்னு பாருங்க,” என்றாள்.

மறுநாள் விடியும்போதே பள்ளத்தைத் தோண்ட ஆரம்பித்தார்கள். ஏகநாதன் தோண்டினான், செல்லப்பன் கூடையில் அள்ளினான். மேல்மண் கருப்பு, அதற்குக் கீழே கருப்பு, அதற்கும் கீழே இன்னும் கருப்பு. இப்படியே போனால் பாதாள லோகத்தில் போய்த் தலை நீட்டுவோம், அங்கேயும் யாராவது நம்ம சட்டையை எப்போ தருவாய் என்று கேட்பார்கள் என்று செல்லப்பன் புலம்பினான். வேர் வெட்டுப்பட்டு மரம் வேறு சாய்ந்துகொண்டு பயமுறுத்தியது. ஒரு வழியாகச் செம்மண் தெரிந்தது. ஏகநாதன் ஒரு பிடி அள்ளி முகர்ந்தான், தன் மூக்கில் நம்பிக்கை இல்லாமல் வேலம்மாளைக் கூப்பிட்டான். அவள் வந்து முகர்ந்து, இன்னும் ஒரு முழம் போ என்றாள். போனான்.

தோண்டிய மண்ணை என்ன செய்வது? ஆற்றில் கொட்டலாம் என்று ஒருவன் யோசனை சொன்னான். தணிகைவேல் அவனை முறைத்த முறைப்பில் அவன் இரண்டு நாள் ஆற்றுப்பக்கமே போகவில்லை. அவரே ஒரு வழியும் சொன்னார். ஊருக்கு வெளியே செங்கல் சூளை இருந்தது. சூளைக்காரர் ஒரு கூடை மண்ணை நெருப்பில் போட்டுப் பார்த்தார். அது சிரித்துக்கொண்டே எரிந்தது. வண்டி வண்டியாகக் கொண்டுவரச் சொன்னார். விறகு மிச்சம் என்று அவருக்குக் கொண்டாட்டம். அந்தச் செங்கல்லில் கட்டிய வீடுகளில் இன்றைக்கும் கொசு நுழைவதில்லை என்று சொல்கிறார்கள். கொசுவைக் கேட்டால்தான் தெரியும்.

அடுத்தது கிணறு. ஆயில் எஞ்சின் வைத்து இறைத்தார்கள். இறைத்த தண்ணீரை வயலில் விடாமல், ஊருக்கு வெளியே கட்டாந்தரையில் பாத்தி கட்டி வெயிலில் ஆறவிட்டார்கள். ஊற்று மறுபடி நிரம்பியது, மறுபடி இறைத்தார்கள். ஏகநாதன் கயிற்றில் இறங்கி உறைச் சுவரைத் தேங்காய்நாரால் தேய்த்தான். கறை எடுப்பதில் கைதேர்ந்தவன் அல்லவா, கிணற்றையே பட்டுப்புடவை மாதிரி ஓரம் ஓரமாகத் தேய்த்தான். தூர் எடுத்தார்கள், அடியில் புது மணலும் அடுப்புக்கரியும் பரப்பினார்கள். காணாமல்போன மூன்று செம்பும் யாரோ ஒருத்தியின் தோடும் கிடைத்தன. தோட்டுக்குச் சொந்தக்காரி என்று நாலு பேர் வந்ததில் அரை நாள் வேலை கெட்டது.

இத்தனை நாளும் தெருவுக்குத் தண்ணீர் யார் கொண்டுவருவது? ஏகநாதன்தான். அடுத்த தெருக் கிணற்றிலிருந்து சைக்கிளில் இரண்டு பக்கமும் குடம் கட்டிக்கொண்டு வருவான். சிங்காரிக்கு மட்டும் தனி நடை. மாட்டின் வயிறு எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. ஆரம்பத்தில் வேலம்மாள் குடத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அப்புறம் மோர் கொடுத்தாள். அதற்கப்புறம், மோர் குடிக்கிற நேரத்துக்கு அவன் அண்ணன் கடையின் மிளகாயைப் பற்றிப் புலம்புவதைக் கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். ஆனால் கிணற்று விஷயத்தில் மட்டும் இறங்கி வரவில்லை.

கொல்லையில் சிமெண்டுத் தரை வந்தது, மூடி போட்ட டிரம் வந்தது. தணிகைவேல் கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துப் பாண்டிக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். குறையில்லை என்று பதில் வந்தது. அதை வேலம்மாளிடம் சொன்னார்.

“பாண்டிக்காரன் நல்லாயிருக்குதுன்னா அவன் குடிக்கட்டும், சார். என் மாடுதான மொதல்ல வேணாம்னுச்சு. அது குடிச்சா எனக்குச் சம்மதம். நான் சரின்னா தெருவும் சரின்னும்.”

தெருவும் தலையாட்டியது. தணிகைவேல் தலையைச் சொறிந்தார். தெருக்காரர் சம்மதம் வேண்டும் என்றுதான் சட்டம், அந்தச் சம்மதம் எந்த வழியாக வருகிறது என்று சட்டம் கேட்பதில்லை. சரி, ஆடி பிறந்த மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆடியில் நல்ல காரியம் வேண்டாமே என்று சண்முகசுந்தரம் இழுத்தார். மாட்டுக்கு ஆடி ஏது, ஆவணி ஏது என்று இன்ஸ்பெக்டர் சைக்கிள் ஏறிவிட்டார்.

அந்தக் காலையில் தெரு திருவிழாக் கோலம் பூண்டது. ஆபீசர் வருகிறார், ஒரு குடும்பத்தின் பிழைப்பு நிற்கிறது, பழைய துணியில் வந்து நின்றால் மரியாதையா? பெண்கள் தேருக்கு வெளுத்த பட்டை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டார்கள். ஆண்கள் சரிகை வேட்டி, மடிப்புச் சட்டை. எல்லாம் ஏகநாதன் வெளுத்தது, எல்லாவற்றிலும் சாட்சி, பெட்டிக்குள் பூட்டி வைத்த சாட்சி துளி குறையாமல் வெளியே வந்தது. பலராமன் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வந்து இறங்கினார். பதினாலாம் தேதி மாட்டிய கோட்டு இன்னும் உடம்பைவிட்டு இறங்கவில்லை. கொம்யூன் ஆபீசை அவர் இன்னும் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பேரில் மேரி என்றுதான் சொல்வார். மேரிக்காரன் வரும்போது கோட்டில்லாமல் நிற்கலாமா என்று விளக்கம் சொன்னார். தணிகைவேலும் நல்ல பேண்ட் போட்டுக்கொண்டு வந்தார். தேருக்கு முன்னால் அவரும் அங்கேதான் வெளுக்கப் போட்டிருந்தார், எல்லாரையும் போல அவருக்கும் ஓர் இழுப்பு கிடைத்திருந்தது.

ஏகநாதன் தன் கல்யாண வேட்டியில் நின்றான். நெற்றி நிறைய விபூதி. கையில் புது வாளி, புதுக் கயிறு. கிணற்றிலிருந்து தானே இறைத்தான். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. தொட்டியைக் கழுவி ஊற்றினான். வேலம்மாள் சிங்காரியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவள் மட்டும்தான் அடுப்படிச் சேலையோடு இருந்தாள். மாட்டுக்குத் தாகம் எடுக்கட்டும் என்று விடியலிலிருந்து தண்ணீர் காட்டவில்லை. சிங்காரி தொட்டியைப் பார்த்ததும் வேகமாக வந்தது. கூட்டம் ஆவலில் நெருங்கி வந்து வட்டம் கட்டியது. ஏகநாதன் எல்லாருக்கும் முன்னால், தொட்டிக்கு ஒட்டினாற்போல நின்று, அம்மா தாயே என்று கும்பிட்டான்.

சிங்காரி குனிந்தது. நிமிர்ந்தது. புஸ்ஸென்று ஊதியது. திரும்பிக்கொண்டது.

பூவரச மரத்துக் காக்கைகூட வாயை மூடிக்கொண்டது. தணிகைவேல் மேலும் கீழும் பார்த்தார், அவர் முகத்தில் நிஜமான வருத்தம். சண்முகசுந்தரம் தம்பியின் தோளில் கை போட்டார். அந்தக் கையில் தனியா வாசனை இருந்தது. உமையாள் கிணற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஏகநாதனுக்குக் கண்ணுக்கு முன்னால் தராசு ஆடியது, மிளகாய் மூட்டை வா வா என்றது. மூக்கு துடித்தது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. ஒரு பெரிய தும்மல் தும்மினான். பயந்துபோன சிங்காரி துள்ளித் திரும்பி, அவனுக்கு நேரே முகத்தை நீட்டி, மறுபடியும் புஸ்ஸென்று ஊதியது.

வேலம்மாள் அதைப் பார்த்தாள். மாட்டை விட்டுவிட்டு ஏகநாதன் பக்கத்தில் வந்தாள், வேட்டி முனையை எடுத்து முகர்ந்தாள், முகத்தைச் சுளித்தாள். பலராமனின் கோட்டுக் காலரை முகர்ந்தாள், இரண்டு அடி பின்னால் போனாள். பக்கத்துவீட்டுப் பட்டை முகர்ந்தாள். இன்ஸ்பெக்டரை மட்டும் மரியாதைக்காகத் தூரத்திலிருந்தே முகர்ந்தாள்.

“இது தண்ணியப் பாத்து ஊதலடா, ஏகநாதம். உன்னப் பாத்து ஊதுது,” என்றாள். “தெருவே பெட்ரோல் பங்க்காட்டம் வந்து நின்னா வாயில்லா ஜீவன் இன்னா பண்ணும்? போங்க, எல்லாரும் அந்தாண்ட போங்க. காத்து எதுத்தாப்புல அடிக்கிற எடமா பாத்து நில்லுங்க.”

கூட்டம் பின்வாங்கியது. ஆடிக்காற்று ஒரு தினுசாகச் சுழன்றதால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. இங்கே நின்றால் வேலம்மாள் அங்கே போ என்றாள், அங்கே போனால் இன்னும் போ என்றாள். தெருக்கோடி வாய்க்கால் கல்வெர்ட்டு வரைக்கும் பட்டும் சரிகையும் பின்னோக்கி நடந்தது. இன்ஸ்பெக்டரும் கூட நடந்தார். அவர் கண்ணால் பார்க்க வேண்டியவர் என்பதால் கல்வெர்ட்டுமேல் ஏற்றி நிறுத்தினார்கள். பலராமனைக் கோட்டைக் கழற்றச் சொன்னார்கள், பட்டாளத்தான் கோட்டைக் கழற்றமாட்டான் என்று சொல்லி அடுத்த தெருவுக்கே போய்விட்டார். ஏகநாதன் சட்டையைக் கழற்றி எறிந்தான். வேட்டியையும் கழற்றப் போனவனை உமையாள் பிடித்துக்கொண்டாள்.

வேலம்மாள் பழைய தண்ணீரைக் கொட்டினாள். தன் வீட்டுப் பானையைக் கட்டி, தன் கையால் இறைத்து, தொட்டியை நிரப்பினாள். மாட்டின் கழுத்தைத் தடவினாள்.

சிங்காரி குனிந்தது. முகர்ந்தது. இரண்டு காதும் முன்னால் வந்தன. அப்புறம் குடித்தது பாருங்கள், தொட்டியின் அடி தெரிகிற வரைக்கும் குடித்தது, நிமிர்ந்து மூச்சு வாங்கியது, இன்னும் எங்கே என்று வேலம்மாளைப் பார்த்தது. இன்னொரு தொட்டி ஊற்றினாள். அதையும் குடித்தது. கிணறு வற்றிவிடுமோ என்று கல்வெர்ட்டுப் பக்கம் கவலைப்பட்டார்கள்.

தெரு முழுக்கச் சிரித்தது. வெற்று உடம்போடு ஏகநாதன் ஓடிவந்தான், பாதி வழியில் மாடு நிமிர்ந்து பார்த்ததும் சட்டென்று நின்று, அங்கிருந்தபடியே கும்பிட்டான். எனக்குச் சம்மதம் என்று வேலம்மாள் சொன்னாள், தெரு சரி என்றது. தணிகைவேல் கல்வெர்ட்டிலிருந்து இறங்கி, லைசென்சுக்கு எழுதிவிடுகிறேன் என்றார். பிறகு தன் பேண்ட்டைக் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, லைசென்சில் இல்லாத ஒரு நிபந்தனையும் போட்டார். இனிமேல் சாட்சி வைக்கக் கூடாது.

கடை திறந்தது. துணி வாசனையில்லாமல் போக ஆரம்பித்தது. ஜனங்கள் முதலில் முணுமுணுத்தார்கள். அடுத்த தடவை கோட்டை வாங்க வந்த பலராமன் வழக்கம்போல முகர்ந்தார், முகம் சுண்டியது.

“வெளுத்தியாடா நெசமா?”

“சந்தேகமா இருந்தா எதுத்த வூட்டுக்குப் போங்க, சொல்தா ஐயா. சிங்காரி மோந்து பாத்து ஊதலன்னா, அதுதான் வெளுப்பு.”

பலராமன் நிஜமாகவே எடுத்துப்போனார். சிங்காரி காலரை முகர்ந்தது, ஊதவில்லை. நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கி, மேல் பட்டனைச் சுவைத்துப் பார்த்தது. பட்டனை வாயிலிருந்து மீட்டதும் பலராமனுக்குத் திருப்தி. அந்தச் செய்தி பரவிய பிறகு வேலம்மாள் வாசலில் பட்டுப்புடவையோடு ஆள்கள் நிற்க ஆரம்பித்தார்கள். வேலம்மாளும் சும்மா விடவில்லை. மாட்டிடம் சான்று வாங்க வருகிறவர்கள் ஒரு கட்டுப் புல்லாவது கொண்டுவர வேண்டும் என்றாள். சிங்காரி கொழுத்தது. பால் கெட்டியானது. சண்முகசுந்தரம்கூட அங்கேதான் பால் வாங்கினார், மிளகாய் மூட்டையைப் பழைய இடத்துக்கே நகர்த்திவிட்டார்.

மேய்ச்சலுக்குப் போகும்போதும் வரும்போதும் சிங்காரி டிரைவாஷ் கடை வாசலில் ஒரு நொடி நிற்கும். மூக்கை நீட்டும். ஏகநாதன் கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டு அசையாமல் பார்ப்பான். அது பேசாமல் நகர்ந்தால் மறுபடி பிரஷ்ஷை எடுப்பான். எப்போதாவது புஸ்ஸென்று ஊதினால், பின்னால் ஓடிப்போய் டிரம் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவான். அநேகமாகச் செல்லப்பன் திறந்து போட்டிருப்பான்.